துப்பாக்கியோடு ஒரு சட்டப் புத்தகம்!

குட்டீஸ், தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் ஆகிய நிலையங்களைத் தாண்டினால் பரங்கிமலை வந்துவிடும். மலை உச்சியில் ஒரு பழைய தேவாலயம் தெரியும். அந்த மலையைச் சுற்றியுள்ள ராணுவப் பகுதியில்தான் புகழ்பெற்ற ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பெயர், ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி.

அங்கே என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?

"ஓட வைப்பார்கள், கயிறு ஏற வைப்பார்கள், துப்பாக்கி சுடக் கற்றுத் தருவார்கள்" என்பீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் இன்னொரு பாடமும் உண்டு. அதற்கு ஓட வேண்டாம், வியர்வை சிந்த வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அந்தப் பாடம்... சட்டம்!

அதைச் சொல்லித் தருபவர் ஒரு வக்கீல். ஆனால், கறுப்புக் கோட்டு போட்டிருக்கமாட்டார். மற்ற அதிகாரிகளைப் போலவே பச்சைச் சீருடையில்தான் இருப்பார். சட்டம் படித்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்த அதிகாரி அவர். இவர்களுக்கென்றே ராணுவத்தில் ஒரு தனிப் பிரிவு உண்டு. அதற்கு 'ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல்' பிரிவு என்று பெயர். சுருக்கமாக 'ஜாக்' என்பார்கள்.

சண்டை போடப் போகிறவர்களுக்குச் சட்டம் எதற்கு? வாருங்கள், பார்க்கலாம்.

22 வயதில் 30 பேருக்குத் தலைவர்!

முதலில் அகாடமியைப் பற்றிக் கொஞ்சம். 1962-ல் சீனாவுடன் போர் நடந்தது. நம் ராணுவத்துக்கு உடனடியாக நிறைய அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். அதனால் 1963-ல் சென்னையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1988-ல் அது 'அகாடமி' ஆனது. 1992 முதல் பெண்களும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சிக் காலம் 49 வாரம்.

இங்குள்ள அணிவகுப்பு மைதானத்தின் பெயர் பரமேஸ்வரன் மைதானம். இங்கே பயிற்சி பெற்று, 1987-ல் இலங்கையில் உயிர்த்தியாகம் செய்து, பரம்வீர் சக்ரா விருது பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் நினைவாக வைத்த பெயர் அது.

பயிற்சி முடிந்ததும் தோளில் இரண்டு நட்சத்திரங்கள் ஏறும். கேடட்டாக இருந்தவர் லெப்டினன்ட் ஆகிவிடுவார். அவருக்கு 22 அல்லது 23 வயதுதான் இருக்கும். ஆனால் சுமார் 30 வீரர்கள் கொண்ட ஒரு குழுவுக்கு அவர்தான் தலைவர்! அந்தக் குழுவில் 20 வருட அனுபவம் உள்ள சுபேதார்கூட இருக்கலாம். கிட்டத்தட்ட அப்பா வயதுள்ள அவரும் இந்த இளைஞருக்குத்தான் 'சல்யூட்' அடிப்பார். "போ" என்றால் போக வேண்டும். "நில்" என்றால் நிற்க வேண்டும். எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். இவ்வளவு பெரிய அதிகாரம், இவ்வளவு சின்ன வயதில்! அதைத் தப்பாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? அதனால்தான் சட்டம் படிக்கிறார்கள்.

கடைசி பெஞ்சில் நாமும்!

அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் நாமும் உட்கார்ந்ததாகக் கற்பனை செய்துகொள்வோம். ஆசிரியர் உள்ளே வருகிறார். கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதுகிறார்.

'மேலதிகாரி கட்டளை போட்டால், கீழ்ப்படிய வேண்டுமா?'

"ஆமாம் சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது.

"எல்லாக் கட்டளைக்குமா?"

வகுப்பில் சத்தமே இல்லை.

ஆசிரியர் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறார். அது 1950-ல் நாடாளுமன்றம் இயற்றிய ராணுவச் சட்டம். அதில் 41-வது பிரிவு கீழ்ப்படியாமையைப் பற்றிச் சொல்கிறது. வேண்டுமென்றே எதிர்த்து நின்று கட்டளையை மீறுகிறவருக்கு 14 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். பயங்கரமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அதே பிரிவில் 'கட்டளை' என்ற சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல்லும் இருக்கிறது. அதுதான் 'சட்டப்படியான'!

அதாவது, சட்டப்படியான கட்டளையை மீறினால்தான் குற்றம்.

"மழை கொட்டுகிறது. ராத்திரி முழுக்க இந்த வாசலில் காவல் நில்" என்று அதிகாரி சொன்னால், அது கஷ்டமான கட்டளை. ஆனால் சட்டப்படியானது. கீழ்ப்படியத்தான் வேண்டும். "எனக்குக் கடன் தரவேண்டிய கடைக்காரரை நாலு அடி அடித்துப் பணத்தை வாங்கி வா" என்று சொன்னால்? அது ராணுவ வேலையே இல்லை. சட்டத்துக்கும் விரோதம். அதற்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை. கீழ்ப்படிந்தால் போய் அடித்தவரும் குற்றவாளிதான். "மேலதிகாரி சொன்னார், செய்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

இங்கே ஒன்றைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'எனக்குப் பிடிக்கவில்லை', 'லீவு கொடுக்கவில்லை', 'இந்தக் கட்டளை முட்டாள்தனமாகத் தோன்றுகிறது' என்பதெல்லாம் மறுப்பதற்குக் காரணம் ஆகாது. குறை இருந்தால் முறைப்படி மேலே புகார் செய்யலாம். அதற்கும் அதே சட்டத்தில் வழி உண்டு. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த கட்டளைக்கு மட்டும் கீழ்ப்படிந்தால் அது ராணுவமாக இருக்காது.

இந்தப் பாடம் கட்டளையைக் கேட்பவரைவிட, கட்டளை போடுபவருக்குத்தான் முக்கியம். வாய் திறப்பதற்கு முன் அவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். 'இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறதா? கடமைக்கு இது தேவையா? இதில் சட்ட மீறல் ஏதாவது இருக்கிறதா?'

வேலூரில் ஒரு தலைப்பாகை

கட்டளை போடுபவர் யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

1806-ம் வருடம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் புது விதிகள் வந்தன. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்றார்கள். அந்தத் தலைப்பாகை வெள்ளைக்காரர்களின் தொப்பியைப் போல் இருந்தது. சிப்பாய்களின் மனம் புண்பட்டது.

மே மாதம் வேலூரில் சில சிப்பாய்கள் அதை அணிய மறுத்தார்கள். 21 பேரைச் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கொண்டுவந்து ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி! ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். மற்ற 19 பேருக்குத் தலா 500 கசையடி என்று தீர்ப்பானது. மன்னிப்புக் கேட்டதால் அவர்களை விட்டுவிட்டார்கள்.

பிரச்னை தீர்ந்ததா? இல்லை. ஜூலை 10-ம் தேதி விடியும் முன்பே வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. அன்று இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. பிறகு அந்த விதிகளைத் திரும்பப் பெற்றார்கள். சென்னை கவர்னர் வில்லியம் பென்டிங்கும், படைத்தளபதி ஜான் கிரடாக்கும் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

'இந்தக் கட்டளை தேவைதானா?' என்று அன்று யாராவது நிதானமாகக் கேட்டிருந்தால்!

சுதந்திர இந்தியாவின் ராணுவச் சட்டத்தில் கசையடி என்ற தண்டனையே கிடையாது.

சின்னவர் முதலில் பேசட்டும்!

ராணுவ வீரர் தப்பு செய்தால் அவரை விசாரிக்க ராணுவத்துக்கென்றே தனி நீதிமன்றங்கள் உண்டு. அதைத்தான் 'கோர்ட் மார்ஷல்' என்கிறார்கள். இதில் நான்கு வகை இருக்கிறது. பெரிய வழக்குகளை விசாரிப்பது 'ஜெனரல் கோர்ட் மார்ஷல்'. அதில் குறைந்தது 5 ராணுவ அதிகாரிகள் நீதிபதிகளாக உட்காருவார்கள்.

இவர்கள் சட்டக் கல்லூரியில் படித்தவர்கள் அல்ல. பீரங்கிப் படையிலோ காலாட்படையிலோ இருப்பவர்கள். அதனால் பக்கத்தில் ஒரு ராணுவ வக்கீல் இருந்தே ஆக வேண்டும். அவர்தான் 'ஜட்ஜ் அட்வகேட்'. சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்குவதுதான் அவர் வேலை. அவருக்கு ஓட்டு கிடையாது. எந்தப் பக்கமும் சாயவும் கூடாது.

விசாரணை முடிந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு நீதிபதிகள் பேசுகிறார்கள். 'குற்றவாளியா, இல்லையா?' ஒவ்வொருவரும் வாய்விட்டுத் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். யார் முதலில் சொல்ல வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்?

'பெரிய பதவியில் இருப்பவர்' என்றுதானே நினைத்தீர்கள்? அதுதான் இல்லை! பதவியில் எல்லாருக்கும் சின்னவர்தான் முதலில் பேச வேண்டும். அவருக்குப் பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். பெரியவருக்குக் கடைசி இடம்தான். 1954-ம் ஆண்டு ராணுவ விதிகளில் இப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஏன்? கர்னல் முதலில், "இவன் குற்றவாளிதான்" என்று சொல்லிவிட்டால், கேப்டனுக்கு "இல்லை சார்" என்று சொல்லத் தைரியம் வருமா? தலையை ஆட்டிவிடுவார். அதனால்தான் இந்த ஏற்பாடு. யார் என்ன சொன்னார்கள் என்பதை வெளியே சொல்லமாட்டோம் என்று முன்பே உறுதிமொழியும் எடுத்துக்கொள்கிறார்கள். நாள் முழுக்க 'எஸ் சார்' சொல்லும் ராணுவத்தில், ஒருவரின் குற்றத்தைத் தீர்மானிக்கும் நேரத்தில் மட்டும் இளையவரின் குரலுக்கு முதல் இடம்!

இன்னும் கேளுங்கள். இரண்டு பக்கமும் சமமாக ஓட்டு விழுந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு. 'இந்த நீதிபதி எனக்கு வேண்டாம்' என்று காரணம் காட்டி ஆட்சேபிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஒரே குற்றத்துக்கு மறுபடியும் கோர்ட் மார்ஷல் நடத்தக் கூடாது.

ஆனால் எல்லா ராணுவ நீதிமன்றமும் இப்படி 5 பேர் கொண்டதல்ல. 'சம்மரி கோர்ட் மார்ஷல்' என்று ஒன்று உண்டு. அதில் படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம்! கூட இரண்டு பேர் இருப்பார்கள். ஆனால் அவர்கள் நீதிபதிகள் அல்ல. ஒரு வீரரை ஓர் ஆண்டு வரை சிறைக்கு அனுப்ப அந்த ஒரே அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. இன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு எழுதும் கேடட், நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரலாம். அப்போது சட்டம் தெரியாமல் இருந்தால், பாதிக்கப்படுவது ஒரு வீரரும் அவருடைய குடும்பமும்தான்.

ராணுவ நீதிமன்றத் தீர்ப்பு சரியில்லை என்றால் முறையாக மேல்முறையீடு செய்ய நீண்ட காலம் தனி அமைப்பே இல்லாமல் இருந்தது. அது பெரிய குறை என்று 1982-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2007-ல் அதற்குச் சட்டம் வந்தது. 2009 முதல் 'ஆயுதப்படைத் தீர்ப்பாயம்' செயல்படுகிறது. சென்னையிலும் அதன் கிளை இருக்கிறது.

கூட்டத்தின் முன்னால்...

எங்கோ ஓர் ஊரில் கலவரம். போலீசால் சமாளிக்க முடியவில்லை. ராணுவத்தைக் கூப்பிடுகிறார்கள். எதிரில் நிற்பவர்கள் எதிரி நாட்டுப் படை அல்ல, நம் மக்கள். இளம் அதிகாரி என்ன செய்ய வேண்டும்?

சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. மாஜிஸ்திரேட் கேட்டுக்கொண்டபடி கூட்டத்தைக் கலைக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டைத் தொடர்புகொள்ளவே முடியாத பேராபத்தில், அதிகாரி தானே முடிவெடுக்கலாம். தொடர்பு கிடைத்ததும் அவர் சொல்படி நடக்க வேண்டும். எப்படியானாலும், கூட்டத்தைக் கலைக்க எவ்வளவு குறைந்த பலம் போதுமோ அவ்வளவுதான் பயன்படுத்த வேண்டும். மக்களுக்கும் உடைமைக்கும் முடிந்தவரை குறைந்த சேதம்தான் வரவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது.

இந்தப் பாடத்தைப் படிக்கும்போது யாருக்கும் ஜாலியன்வாலாபாக் நினைவுக்கு வரும். 1919 ஏப்ரல் 13-ல் அமிர்தசரஸில், எச்சரிக்கைகூடச் செய்யாமல் சுடச் சொன்னார் ஜெனரல் டயர். சுமார் 10 நிமிடத்தில் 1,650 தோட்டாக்கள் பாய்ந்தன. அரசுக் கணக்கின்படியே 379 பேர் இறந்தார்கள். கட்டளை போட்ட டயர் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. பதவியை மட்டும் விட வேண்டி வந்தது.

எதிரிக்கும் உரிமை உண்டா?

உண்டு! போரில் காயம்பட்டு விழுந்தவர் எதிரியாக இருந்தாலும் சிகிச்சை கொடுக்க வேண்டும். சரணடைந்தவரை அடிக்கவோ அவமானப்படுத்தவோ கூடாது. அவரைக் காட்சிப்பொருள் ஆக்கக் கூடாது. பிடிபட்டவர் சொல்ல வேண்டியது நான்குதான்: பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண். அதற்கு மேல் சொல் என்று சித்திரவதை செய்யக் கூடாது. இவையெல்லாம் 1949-ம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்களில் இருக்கின்றன. இந்தியா 1950-ல் இவற்றை ஏற்றுக்கொண்டது. 1960-ல் இதற்காகத் தனிச் சட்டமும் போட்டது.

இந்த ஒப்பந்தங்களை ஏற்ற நாடுகள், இவற்றைத் தங்கள் ராணுவப் பயிற்சியில் பாடமாக வைக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது! பரங்கிமலை வகுப்பறைக்கும் ஜெனீவாவுக்கும் இப்படி ஒரு தொடர்பு.

இந்தப் பாடம் எப்போது உதவும்? 2019 பிப்ரவரி 27-ஐ நினைத்துப் பாருங்கள். தமிழகத்தைச் சேர்ந்த விமானப்படை அதிகாரி அபிநந்தன் வர்த்தமானின் மிக்-21 விமானம் வீழ்ந்து, அவர் பாகிஸ்தானில் பிடிபட்டார். கேள்விகள் கேட்டபோது, சிலவற்றுக்குப் பதில் சொன்னார். மற்றவற்றுக்கு, 'அதை நான் சொல்லக் கூடாது' என்று அமைதியாக மறுத்துவிட்டார். காயம்பட்ட அவரைப் படம் பிடித்துக் காட்டியது ஜெனீவா ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று இந்தியா கண்டித்தது. மார்ச் 1-ம் தேதி அவர் வாகா எல்லை வழியாகத் தாய்நாடு திரும்பினார்.

நாமும் அந்த ஒப்பந்தத்தை மதித்தால்தானே அப்படிக் கண்டிக்க முடியும்? 1971 போரின் முடிவில் பாகிஸ்தான் தரப்பைச் சேர்ந்த சுமார் 93,000 பேர் இந்தியாவின் பிடியில் இருந்தார்கள். பின்னர் அவர்களை இந்தியா திருப்பி அனுப்பியது. நம் வீரருக்கு என்ன மரியாதை கேட்கிறோமோ, அதே மரியாதையை நம்மிடம் பிடிபட்டவருக்கும் கொடுக்க வேண்டும்.

ராணுவ வக்கீல் ஆக ஆசையா?

பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்தாண்டு சட்டப் படிப்பு, அல்லது பட்டப்படிப்பு முடித்து மூன்றாண்டு சட்டப் படிப்பு படிக்க வேண்டும். சட்டத்தில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண் வேண்டும். வயது 21 முதல் 27-க்குள் இருக்க வேண்டும். பிறகு, ராணுவத் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் தேர்வு நடக்கும். அதில் குழு விளையாட்டு, பேச்சு, நேர்காணல் எல்லாம் உண்டு.

தேர்வானால் எங்கே பயிற்சி தெரியுமா? அதே பரங்கிமலைதான்! 'நான் வக்கீல், ஓடமாட்டேன்' என்று சொல்ல முடியாது. மற்றவர்களோடு சேர்ந்து 49 வாரமும் ஓட வேண்டும், தவழ வேண்டும், சுட வேண்டும்.

பெண்களும் சேரலாம். முன்பு ஆண்களுக்கு அதிக இடம், பெண்களுக்குக் குறைந்த இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு தேர்வில் ஆண்களுக்கு 6 இடம், பெண்களுக்கு 3 இடம்தான். அதிக மதிப்பெண் எடுத்த பெண்ணுக்கு இடம் கிடைக்காமல் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அப்படிப் பிரிப்பது செல்லாது, தகுதிப்படிதான் எடுக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. சட்டம் சொல்லிக்கொடுக்கும் பிரிவுக்கே சட்டம் ஒரு பாடம் சொன்னது!

நீங்களும் செய்து பாருங்கள்!

குட்டீஸ், உங்கள் வகுப்பிலோ விளையாட்டிலோ ஒரு சண்டை வந்தால், 'யார் மேல் தப்பு' என்று முடிவு செய்ய ஐந்து பேரை உட்கார வையுங்கள். லீடர் முதலில் பேசக் கூடாது. ஐந்து பேரில் வயதில் சின்னவர் யாரோ, அவர் முதலில் பேசட்டும். லீடர் கடைசியில் பேசட்டும். தீர்ப்பு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்!

அடுத்த முறை மின்சார ரயில் பரங்கிமலையில் நிற்கும்போது, வெளியே எட்டிப் பாருங்கள். அங்கே எங்கோ ஒரு வகுப்பறையில், துப்பாக்கி பிடிக்கப்போகும் ஓர் அண்ணனோ அக்காவோ, 'இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறதா?' என்று கேட்கக் கற்றுக்கொண்டிருப்பார்.